ஈரக்கொழுந்துக்கு ரெண்டு கிலோ கழிவு: மஸ்கெலியா மலையில் ஒரு முன்பள்ளியின் கதை

சுவரில் தொங்கிய அட்டையில் ‘இ’ எழுத்துக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒற்றை இலை. டீச்சர் குச்சியால் அதைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டார். மூன்றாவது வரிசையில் இருந்த நாலரை வயதுப் பையன் கேள்வி முடியும் முன்பே "கொழுந்து!" என்றான். "இல்ல, இலை. எல்லாரும் சொல்லுங்க, இலை" என்றார் டீச்சர். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "இலை" என்றார்கள். அவன் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு ஏழு வாரம் வகுப்புக்குள் அவன் வாய் திறந்ததாக என் கொப்பியில் ஒரு வரி கூட இல்லை.

டீச்சர் அவனை அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. சரியான சொல்லைச் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். அதனால்தான் இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைமையக் கல்வி, அதாவது பிள்ளையின் உலகத்திலிருந்து தொடங்கும் கல்வி, என்று பயிற்சிப் பட்டறைகளில் நாங்கள் மணிக்கணக்காகப் பேசுகிற விஷயம், ஒரு நல்ல டீச்சரின் வகுப்பில், ஒரு சொல்லில் தவறிப்போவதை அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

நான் முன்பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவின் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து முன்பள்ளிக்குப் பதினொரு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய்வந்தேன். தோட்டத்தின் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ இங்கே தரவில்லை. லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாரைப் பற்றி எழுதினாலும் மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இடம், ஆட்கள்

முன்பள்ளி தனிக் கட்டடம் அல்ல. பிள்ளைக்காம்பராவின் ஒரு பாதியைப் பலகை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைக்காம்பராவுக்கு இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகையில் பெயர். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறிய பிறகு இந்த நிலையங்கள் பல இடங்களில் திருத்தப்பட்டன, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். சேலைத் தொட்டிலில் பிள்ளையைப் போட்டு ஒரு கிழவியிடம் விட்டுப்போன காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம்தான். ஆனால் அடிப்படைக் காரணம் மாறவில்லை. தாய் கொழுந்தெடுக்க மலைக்குப் போக வேண்டும், அதனால் பிள்ளையை யாராவது பார்க்க வேண்டும்.

பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்துக்கு, முன்னால் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த நேரத்தில் மலையில் பனி இன்னும் கலைந்திருக்காது. எட்டரை மணிக்கு மூன்று வயதுக்கு மேற்பட்ட 19 பிள்ளைகளும் பலகைக்கு இந்தப் பக்கம் வருவார்கள். பதினொன்றரைக்கு மறுபடி அந்தப் பக்கம். டீச்சர் இதே தோட்டத்துப் பெண், உயர்தரம் வரை படித்தவர், முன்பள்ளி டிப்ளோமா முடித்தவர். அவருக்குக் கிடைக்கும் பணம், கொழுந்தெடுக்கிற அவருடைய அக்காவின் சம்பளத்தை விடக் குறைவு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 100 பேரில் கிட்டத்தட்ட 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் எடுத்தால் அது 17. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் சாயத்தண்ணியும் குடித்துவிட்டு வந்த பிள்ளை பத்து மணிக்குச் சோர்ந்து சுவரில் சாய்ந்தால் அதற்குப் பெயர் கவனக்குறைவு அல்ல. இந்த டீச்சருக்கு அது தெரியும். பத்து மணிச் சாப்பாட்டை ஒன்பதரைக்கு மாற்றியவர் அவர்தான், எந்தப் பயிற்சியும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வகுப்பு எப்படி நடந்தது என்றால், எல்லா இடத்திலும் நடப்பது போலத்தான். பிரார்த்தனை, பாட்டு, எழுத்து அட்டை, பிறகு கொப்பியில் ‘அ’. டீச்சர் புள்ளிவைத்துக் கொடுப்பார், பிள்ளைகள் புள்ளியைச் சேர்ப்பார்கள். நம் நெடுங்கணக்கின் முதல் எழுத்து, எழுதுவதற்கு மிகச் சிக்கலான எழுத்துகளில் ஒன்று. ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு குறுக்குக்கோடு, ஒரு நேர்கோடு என்று கை நாலு தடவை திசை மாற வேண்டும். மூன்று நாலு வயதில் மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பென்சிலை முழு முஷ்டியால் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தாளில் ஓட்டை விழும்வரை அழுத்திய ஒரு சின்னப்பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

முதலில் நான் செய்த பிழை

நான் பெட்டிகளோடு போனேன். பிளாஸ்டிக் பழங்கள், சமையல் சாமான், நிறக் கட்டைகள், பொம்மை வைத்தியர் பெட்டி. மூலைக்கு மூலை ‘விளையாட்டு மூலை’ அமைத்தோம். முதல் நாள் பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒரு கத்தரிக்காய் காணாமல் போனது, டீச்சர் பதறிவிட்டார். "மிஸ், இதெல்லாம் யாரு கணக்கு குடுக்கிறது?" என்று கேட்டார். மூன்றாம் வாரம் நான் போனபோது பெட்டிகள் அலுமாரிக்கு மேலே, பொலித்தீன் சுற்றிப் பத்திரமாக இருந்தன. அவர் செய்தது நியாயம். உடைந்தால் வாங்க முடியாத பொருளைப் பிள்ளையின் கையில் எப்படிக் கொடுப்பார்?

இந்தப் பலகைத் தடுப்புக்குள் இருந்தபோது, இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரியின் முதல் ‘பிள்ளைகள் இல்லம்’ எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. இன்றைக்கு நம் நகரங்களில் மொண்டிசோரி என்றால் வெள்ளைச் சொக்ஸ் போட்ட பிள்ளைகளும் கட்டணமும்தான் கண்முன்னே வரும். ஆனால் 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோவில் அது தொடங்கியது தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில். தாயும் தகப்பனும் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்குகிறார்கள், யாராவது ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் கட்டடக்காரர்களின் எண்ணம். ஒரு வகையில் அதுவும் ஒரு பிள்ளைக்காம்பராதான். அங்கேயும் நல்ல மனதோடு சிலர் விலையுயர்ந்த பொம்மைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், பிள்ளைகள் அவற்றை அதிகம் சீண்டவில்லை. மொண்டிசோரி பிள்ளைகளைக் கோபிக்கவில்லை. அவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள் என்று கவனித்தார்.

கவனிப்பதைத்தான் நாங்கள் செய்யாமல் விட்டிருந்தோம்.

கொப்பி

டீச்சரிடம் ஒரு வேலை கேட்டேன். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், ஒரே ஒரு பிள்ளை. அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுத வேண்டும். நல்ல பிள்ளை, குழப்படி, மந்தம் என்ற சொற்கள் கொப்பிக்குள் வரக்கூடாது. 19 பேரை வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் என்பது சின்ன விஷயமல்ல. அடுத்த பக்கத்து ஆயா அந்த நேரம் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டார்.

அந்தப் பையனைப் பற்றிய முதல் குறிப்பு இரண்டே சொல்: "சும்மா இருக்கிறான்."

சும்மா என்றால் எப்படி, கை எங்கே இருக்கிறது, கண் எங்கே போகிறது என்று கேட்டேன். அடுத்த வாரம் குறிப்பு இப்படி வந்தது: "கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்கிறான். கொழுந்து மடுவத்தில் ஆட்கள் வந்தால் கால் விரலில் எம்பி நிற்கிறான். தராசு முள்ளு ஆடி நிற்கிறவரை பார்க்கிறான். நின்றதும் வாய்க்குள்ளே ஏதோ சொல்கிறான்."

இதை வாசித்தபோது டீச்சரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கதவிலிருந்து கொழுந்து மடுவம், கொழுந்தை நிறுத்து ஈரத்துக்குக் கிலோ கழிக்கிற கொட்டகை, நேராகத் தெரியும். இத்தனை நாளும் கதவை விட்டு வா, வந்து உட்கார் என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை டீச்சர் உடுப்புக் கொழுவி ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் சிரட்டையைக் கட்டி, இஸ்தோப்பின், அதாவது முன் வராந்தாவின், தூணில் ஓர் ஆணியில் தொங்கவிட்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு சிறுமிகள் சால்வையைக் கொழுந்தெடுப்பவர்கள் கட்டும் படங்கு மாதிரி இடுப்பில் சுற்றி, புத்தகப் பையைக் கூடை மாதிரி நெற்றியில் மாட்டிக்கொண்டு, கீழே விழுந்து கிடந்த இலைகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். புதன்கிழமை அவன் வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றான். யாரும் அவனை நியமிக்கவில்லை, ஆனால் நிறுக்கிறவன் அவன்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்று நானும் இருந்தேன். காலையில் மழை பெய்திருந்தது. ஒரு சிறுமி கொண்டுவந்த இலை நனைந்திருந்தது. அவன் இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மனிதக் குரலில் சொன்னான்:

"ஈரக்கொழுந்து. ரெண்டு கிலோ கழிவு."

ஏழு வாரத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வசனம் இது. அந்தச் சிறுமி விடவில்லை. "அதெல்லாம் கழிக்க ஏலாது! நான் காலையிலேருந்து எடுத்தது!" என்று சத்தம் போட்டாள். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பெரியவர் நடுவில் புகுந்து, சண்டை வேண்டாம், கைகுலுக்குங்க என்று முடித்துவைப்போம். டீச்சர் ஒரு அடி எடுத்து வைத்தார், நின்றார், பிறகு குனிந்து கேட்டார்: "ஈரம்னா ஏன்டா தங்கம் கழிக்கணும்?"

"தண்ணி பாரமா இருக்கும்ல டீச்சர்."

"அப்படியா? எப்படித் தெரியும்?"

அவன் பதில் சொல்லவில்லை. ஓடிப்போய் இஸ்தோப்புக்கு உள்ளே காய்ந்து கிடந்த இலையை அள்ளி வந்து மற்றச் சிரட்டையில் போட்டான். ஈர இலைப் பக்கம் தாழ்ந்தது. "பாத்தீங்களா" என்றான். அந்தச் சிறுமி விட்டுக்கொடுக்காமல் ஈர இலையை உதறி உதறிப் போட்டாள். தராசு கொஞ்சம் ஏறியது. "இப்ப ஒண்ணுதான் கழிக்கலாம்" என்றாள். நாற்பது நிமிடம் இது நடந்தது. ஒப்பிடுதல், கழித்தல், காரணம் சொல்லுதல், எதிர்வாதம் வைத்தல், பரிசோதித்துப் பார்த்தல் எல்லாம் இரண்டு சிரட்டைக்குள் நடந்து முடிந்தன. பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் பெரியவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவே உள்ள இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்று உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னதை நான் பல தடவை பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அன்று டீச்சர் கொடுத்த துணை இரண்டு சின்னக் கேள்விகள்தான்.

அப்புறம் துண்டு, அதாவது நிறையை எழுதிக் கொடுக்கும் சீட்டு, வந்தது. "துண்டு எழுதித் தாங்க" என்று சிறுமிகள் கேட்க ஆரம்பித்தார்கள். நிறுத்த கிலோவுக்குத் துண்டு வேண்டுமே. அவன் பழைய கலண்டர் தாளைக் கிழித்து, நாலு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு சுழி போட்டுக் கொடுத்தான். சுழி என்னடா என்றால், "அது அவ பேரு" என்றான். ‘அ’ எழுதமாட்டேன் என்று பென்சிலைப் போட்டுவிட்டுப் போன அதே பையன்.

தாய்மாரின் கேள்வி

இதோடு கதை நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் அந்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து நின்றார். மலையிலிருந்து நேராக வந்தவர், விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. "டீச்சர், நாங்க படுற பாடு போதாதா? எம்புள்ள கூடை மாட்டக்கூடாதுன்னுதான் இங்க அனுப்புறேன். இங்க வந்தும் கொழுந்தெடுத்து வெளையாடுறாளாம்."

அறை அமைதியாகிவிட்டது. நான் எழுந்து, 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம், அதன் 31 ஆம் பிரிவு, விளையாடும் உரிமை என்று ஆரம்பித்தேன். இரண்டு வசனம் பேசியதும் எனக்கே அது பதில் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்தத் தாய் விளையாட்டை எதிர்க்கவில்லை. நாலு தலைமுறையாகக் குடும்பத்தின் முதுகில் இருக்கிற கூடை, பள்ளிக்கூட வாசலிலாவது இறங்க வேண்டும் என்று கேட்டார். பிள்ளையின் உலகத்திலிருந்து தொடங்கு என்று புத்தகம் சொல்கிறது. அந்த உலகத்திலிருந்து பிள்ளையை வெளியேற்றத்தானே தாய் பாடுபடுகிறாள்? இந்தக் கேள்விக்கு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் பதில் பார்த்ததில்லை.

டீச்சர்தான் பேசினார். "அக்கா, எங்கம்மாவும் கொழுந்துதான் எடுத்தாங்க. எனக்கும் அந்தக் கோபம் இருக்கு" என்று தொடங்கினார். கொழுந்தெடுக்கிற விளையாட்டை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, பிள்ளைகள் பார்த்ததை விளையாடுகிறார்கள், நாளைக்குக் கடை விளையாடுவார்கள், அட்டன் பஸ் விளையாடுவார்கள் என்றார். பிறகு கலண்டர் துண்டுகளை எடுத்துக் காட்டி, தண்ணிக் கழிவுச் சண்டையை முழுதாகச் சொன்னார். கூட்டத்தில் பலர் சிரித்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் மடுவத்தில் கழிவுக்குக் கொடுத்த கிலோக்கள் அந்தக் கதைக்குள் இருந்தன. பின்வரிசையில் ஒரு தாய் கேட்டார்: "அப்ப அந்தப் புள்ள, கழிச்சது சரியான்னு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. உதறிட்டுத் திரும்ப நிறுக்கச் சொல்லிச்சு."

"நாங்க கேட்டதில்லயே" என்றார் அவர்.

முதல் தாய் முழுதாகச் சமாதானமாகவில்லை. அவருடைய கோரிக்கையை டீச்சர் தள்ளிவிடவும் இல்லை. தராசு இருக்கும், ஆனால் அதில் மணல், கொட்டை, போத்தல் மூடி எல்லாம் வரும். நெற்றியில் பை மாட்டும் விளையாட்டை டீச்சர் தானாக எடுத்துக் கொடுக்கமாட்டார், பிள்ளைகள் எடுத்தால் தடுக்கவும்மாட்டார். இந்த ஏற்பாடு எந்தக் கோட்பாட்டுக்கும் முழுதாகப் பொருந்தாது. ஆனால் பிள்ளைமையம் என்று சொல்லிக்கொண்டு தாயை வாசலில் நிறுத்திவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எழுத்துப் பயம் வேறு விதமாகத் தீர்ந்தது, அதுவும் பாதிதான். தரம் ஒன்றில் சேரும்போது எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்பது எல்லாப் பெற்றோரின் கவலை. பக்கத்துப் பாடசாலையில் தரம் ஒன்று படிப்பிக்கும் ஓர் ஆசிரியையை டீச்சர் கூட்டிவந்தார். அவர் சொன்னது பலருக்கும் புதிது. 1997 கல்விச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1999 முதல் நாடு முழுவதும், தரம் ஒன்றிலும் இரண்டிலும் வழிகாட்டலோடு கூடிய விளையாட்டுத்தான் முதன்மையான கற்பித்தல் முறை. மேசை வேலை மேல்வகுப்புகளில்தான் கூடிக்கொண்டே போகும். ஆறு வயதுப் பிள்ளை விளையாடிப் படிக்கட்டும் என்று பாடத்திட்டம் சொல்லும்போது நாலு வயதுப் பிள்ளையைப் புள்ளிக் கொப்பியில் உட்கார வைத்திருக்கிறோம். இதைக் கேட்டு ஒரு தகப்பன், "அப்ப எங்களுக்கு யாரும் சொல்லலயே" என்றார். உண்மைதான், யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு ‘அ’ வுக்குப் பதிலாக அவரவர் பெயரின் முதல் எழுத்தை மணலில் எழுத ஆரம்பித்தார்கள். சுவர் அட்டையும் மாறியது. இலைப் படத்துக்குக் கீழே டீச்சர் ‘கொழுந்து’ என்றும் எழுதிவைத்தார். ‘இ’ க்கு இஸ்தோப்பு, ‘கா’ வுக்குக் காம்பரா, ‘பீ’ க்குப் பீலி, அதாவது தண்ணீர் விழும் குழாய். வீட்டுச் சொல் ஒன்று, புத்தகச் சொல் ஒன்று, இரண்டுமே சரியான சொற்கள்.

வறட்சி மாதங்களில் மவுசாகலைத் தண்ணீர் இறங்கி, அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் வெளியே தெரிந்தபோது, "சாமி இவ்வளவு நாள் மூச்சுப் பிடிச்சிக்கிட்டு இருந்துச்சா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இரண்டு வாரம் களிமண்ணால் கோயில் கட்டி, பேசினில் மூழ்கடித்து எடுத்தார்கள். அதைத் தனியாக எழுத வேண்டும்.

சரிவராதவை

மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் இஸ்தோப்பைப் பாவிக்க முடியாது. 19 பிள்ளைகளும் பலகைக்குள் அடைபடும்போது பழைய முறை, அட்டையும் குச்சியும், தானாகத் திரும்பி வந்துவிடுகிறது. நானே அப்படி ஒரு நாள் பார்த்தேன். குறைசொல்ல மனம் வரவில்லை.

மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு எங்கள் ஏற்பாடு பெரிதாக உதவவில்லை. பெரிய பிள்ளைகள் தராசைப் பிடித்துக்கொண்டால் சின்னவர்கள் ஓரத்தில் நின்றார்கள். ஒரு தாய் தன் மகளை விலக்கி நகரத்தில் ஒரு நேர்சரியில் சேர்த்தார். அங்கே வீட்டுவேலை கொடுக்கிறார்களாம். காலை ஆறு மணிக்கு முச்சக்கரவண்டி, மாதம் முழுக்கச் சம்பளத்தில் ஒரு பங்கு. அந்தத் தாயின் முடிவில் இருப்பதும் அக்கறைதான்.

பணம் மிகப் பெரிய ஓட்டை. கவனிப்பது, எழுதுவது, மறுநாளுக்கு யோசிப்பது எல்லாம் கூடுதல் வேலை. இந்த டீச்சருக்கு அதற்காக ஒரு சதம் கூடக் கிடைக்கவில்லை. முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்பு, பிள்ளைக்காம்பரா தோட்டத்தின் பொறுப்பு, பலகைக்கு இரண்டு பக்கமும் இருப்பது ஒரே பிள்ளைகள். யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்குப் பல மாதம் தெரியாமலே போனது. அவர் கொழும்பில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

அந்தப் பையன் இப்போது தரம் ஒன்றில். அங்கேயும் புது ஆட்கள் முன்னால் பேசமாட்டானாம். ஆனால் கடை விளையாட்டு என்றால் மீதிக்காசு அவன்தான் எண்ணுவான் என்று ஆசிரியை சொன்னார்.

கடைசியாக நான் போனபோது கவனிப்புக் கொப்பி மூன்றாவதாகியிருந்தது. புரட்டினேன். சில பக்கங்களில் பேச்சு நடை வேறாக இருந்தது. கேட்டால், ஆயா சொல்லச் சொல்ல டீச்சர் எழுதியதாம். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் இந்தப் பிள்ளைகளை ஆறு மாதக் கைக்குழந்தையிலிருந்து பார்ப்பவர் அவர். எந்தப் பிள்ளை எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், எது யார் பக்கத்தில் தூங்கும் என்று அவருக்குத்தான் தெரியும். பதினொரு மாதமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க மட்டும் அவரைக் கூப்பிட்டிருக்கிறோம். கடைசிப் பக்கத்தில் அவர் சொன்னது இப்படி இருந்தது:

"மேட்டு லயத்துச் சின்னது தினமும் தூங்கப் போறதுக்கு முன்னுக்குக் குழாயடிக்குப் போகுது. தண்ணி குடிக்கல. கையை வச்சிக்கிட்டு நிக்குது. ஏன்னு தெரியல. நாளைக்குப் பாக்கணும்."